தூண்டில் வாங்குவதற்கு முன்

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் அது. இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் ஆசிரியர் அறைக்கு வந்து தம் கைப்பேசியை நம்முன் நீட்டினார். இணையக் கடையொன்றில் அவர் தெரிவு செய்து வைத்திருந்த பட்டியல் அது. கார்பன் கோல், ரீல், பல வண்ண ரப்பர் மீன்கள், முப்பது அறைகள் கொண்ட பெட்டி என எல்லாம் சேர்ந்து எட்டாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. "சார், நாங்க நாலு பேரு சனிக்கிழமை பாகூர் ஏரிக்கு மீன் புடிக்கப் போறோம். நீங்க அடிக்கடி போவீங்கன்னு சொன்னாங்க. இதுல எத வாங்கலாம்?" என்றார்.

"ஒண்ணும் வாங்காம வாங்கப்பா, பாத்துக்கலாம்" என்றோம். அவர் முகம் வாடிப்போயிற்று. அந்த வாட்டத்திற்கு நாம் அளித்திருக்க வேண்டிய முழு விடைதான் இக்கட்டுரை.

முதலில் நம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாமும் அத்தகைய பட்டியல் ஒன்றுக்கு மயங்கியவரே. மெல்லிய நரம்பு மீன் கண்ணுக்குத் தெரியாது என்று யாரோ சொல்ல, கிடைத்தவற்றுள் மிக மெல்லியதை வாங்கிக்கொண்டு பாகூர் ஏரிக்கரையில் போய் நின்றோம். கோரைப் புதரின் ஓரத்தில் விரால் ஒன்று இரையைக் கவ்வியது. கோல் வளைந்த இன்பம் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. விரால் புதருக்குள் பாய, நரம்பு அறுந்தது. போட்ட பணத்தையும் போன மீனையும் நொந்துகொண்டு நின்ற நம்மை, கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஏறிட்டுப் பார்த்தார். "நரம்பு அறுந்ததுக்கு வருத்தப்படுறீங்க வாத்தியாரே. முள்ளு அது வாயில இருக்கு. நீங்க வூட்டுக்குப் போயிடுவீங்க, அது எங்க போவும்?" என்றார்.

அன்றிரவு பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பார்த்தோம். வகுப்பில் பலமுறை நடத்திய பகுதிதான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் பாணன் ஒருவனின் தூண்டிற் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். பச்சை இறைச்சி இட்ட தோற்பை, நீண்ட மூங்கிற்கோல், அதில் கட்டிய கயிறு, வாய் வளைந்த இரும்பு முள் ஆகிய நான்கே பொருள்கள். ஆனால் அந்தப் பகுதி மீன் பிடிபட்டதைச் சொல்லி முடிவதில்லை. இரையைக் கவ்விய வாளை தப்பிவிடுகிறது. முள் தனித்து நிற்கிறது. தப்பிய வாளையோ, அதன்பின் நீரருகே வளர்ந்த பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் தூண்டிற்கோல் என்று அஞ்சுகிறது. ஆண்டுதோறும் இதனை மருத நிலத்தின் வளத்தைக் காட்டும் ஓர் இயற்கைக் காட்சி என்று விளக்கிவிட்டு அடுத்த அடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். தூண்டிலைப் பற்றித் தமிழில் நாம் அறிந்த இப்பழஞ்சித்திரம் மீனின் அச்சத்தில் முடிகிறது என்பது, ஒரு விராலின் வாயில் முள்ளை விட்டுவிட்டு வந்த அன்றுதான் நமக்கு உறைத்தது.

நாம் சொல்ல விரும்புவது இதுவே. தூண்டிற் கருவியைத் தேர்வதும் பயணத்தைத் திட்டமிடுவதும் மீன் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். கடைக்காரர் கோலை முதலில் காட்டுவார். பின் ரீல், பின் நரம்பு, முடிவில் முள். மீனோ முள்ளையும் அதிலுள்ள இரையையும்தான் முதலில் சந்திக்கிறது. ஆகவே எந்த நீர், அதில் எந்த மீன், அம்மீனின் வாய் எவ்வளவு, அதற்கேற்ற இரை யாது, முள் யாது, அதன் பாய்ச்சலைத் தாங்கும் நரம்பு யாது, அந்நரம்புக்கு இசைந்த கோல் யாது என்ற வரிசையில் சிந்திக்க வேண்டும். இவ்வரிசையைத் தலைகீழாக்கினால் முதலில் தூண்டிலில் மாட்டுபவர் வாங்குபவரே. சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். சலுகை விலைப் பட்டியல்களைக் காணும்போதெல்லாம் அந்தக் குறள் நம் நினைவுக்கு வருகிறது.

நீரிலிருந்தே தொடங்குவோம். புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே சென்று, கன்னியக்கோவிலில் மேற்கே திரும்பினால் பாகூர். ஊசுட்டேரிக்கு அடுத்ததாகப் புதுவைப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி இவ்வூருடையது. தென்பெண்ணையின் குறுக்கே சொர்ணாவூரில் உள்ள அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு நீர் வருகிறது. பங்காரு, சிங்காரு என்னும் ஆடல் மகளிர் இருவர் தம் பொருளைச் செலவிட்டு வாய்க்கால்களை வெட்டுவித்தனர் என்பது இப்பகுதியின் செவிவழிக் கதை. ஆற்றோடு தொடர்புடைய ஏரியாதலால் ஆற்று மீன்களும் இதில் வந்து சேரும். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூரை அழைப்பதும் இந்நீரை நம்பித்தான். 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. கற்பித்தலுக்கு ஊர்களையே கொடுத்த இம்மண்ணில், கண்முன் கிடக்கும் ஏரியின் மீன்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட இன்று நம் மாணவர்களால் இயலவில்லை. விராலையும் குறவையையும் வேறு பிரித்தறியாமலேயே மருதத் திணையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஏரிக்கரைக்கு அவர்களை அழைத்துச் செல்லாதவர்கள் நாம்தாம்.

இனிப் பயணத் திட்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கரை இளகியிருக்கும், வாய்க்காலில் நீர் விசையோடு வரும், மதகின் அருகே இழுப்பு இருக்கும். புதியவர் அப்போது செல்லலாகாது. மழைக்காலம் பல மீன்கள் இனம் பெருக்கும் காலமும் ஆகும். சனவரி முதல் மார்ச் வரை ஏரி நிறைந்து அமைதியாக இருக்கும்; கற்றுக்கொள்ள அதுவே ஏற்ற பருவம். கோடையில் நீர் வற்றி வெப்பமேறும்போது நீரிலுள்ள உயிர்வளி குறையும். ஏற்கெனவே திணறும் மீனை மேலும் அலைக்கழிப்பது முறையன்று. சென்றாலும் விடியற்காலையோடு திரும்பிவிட வேண்டும். நாளின் பொழுதுகளில் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரையும், மாலை நான்கரைக்குப் பிறகு இருள் கவியும் வரையும் நல்லவை.

எந்தக் கரையில் அமர்வது என்பதற்குப் பெரும்பாணாற்றுப்படையின் வாளையே வழிகாட்டும். நிழல் நீரில் விழுந்தால் மீன் கலையும். காலையில் மேற்குக் கரையில் கிழக்கு நோக்கியும், மாலையில் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கியும் அமர்ந்தால் நம் நிழல் நமக்குப் பின்னே நிலத்தில் விழும். கண் கூசும், விளிம்புள்ள தொப்பி போதும். கரையில் தடதடவென்று நடந்தால் அந்த அதிர்வு நீருக்குள் செல்லும். மெல்ல நடக்க வேண்டும். பளிச்சிடும் சட்டையைத் தவிர்த்து மங்கல் நிறத்தை அணிவது நலம். எட்டாயிரம் ரூபாய்க் கருவி செய்யாத வேலையைச் செலவில்லாத இம்மூன்றும் செய்யும்.

செல்லும் முன் கேட்டறிய வேண்டியவையும் உண்டு. பல ஏரி குளங்களில் மீன்பாசி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகை எடுத்தவர் காசு கொடுத்து மீன்குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அந்நீரில் கேளாமல் தூண்டில் போடுவது அடுத்தவர் வயலில் கதிர் அறுப்பதற்கு ஒப்பாகும். கரையில் இருப்பவரிடம் யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்து, இசைவு பெற்ற பிறகே கோலை நீட்ட வேண்டும். ஊசுட்டேரியின் புதுவைப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது தூண்டிலுக்குரிய இடமன்று. நீச்சல் தெரிந்தவராயினும் தனியே செல்ல வேண்டாம். இடி முழங்கத் தொடங்கினால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு நீங்க வேண்டும். கார்பன் கோலில் மின்சாரம் பாயும் என்பதை அதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. மின்கம்பி செல்லும் இடத்தின் கீழே எக்கோலையும் உயர்த்தலாகாது.

அடுத்து மீன். நம் ஏரிகளில் புதியவருக்கு எளிதில் கிடைப்பவை சிறு கெண்டை, ஜிலேபி, கெளுத்தி ஆகியன. ஜிலேபி நம் நாட்டு மீனன்று. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பெருகிவிட்டது. எந்த மீனிலிருந்து தொடங்கலாம் என்று எம்மைக் கேட்டால் ஜிலேபியையே சொல்வோம். விராலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாணாற்றுப்படையின் வாளை, கடலில் கிடைக்கும் நாடா போன்ற வாளையன்று. மீசையும் அகன்ற வாயும் உடைய நன்னீர் மீன். இன்று அது குறைந்துவரும் இனங்களுள் ஒன்று. தற்செயலாக மாட்டினால் நீரில் விட்டுவிடுவதே தக்கது.

இனி இரையும் முள்ளும். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் பிசைந்த கோதுமை மாவு போதும், கெளுத்திக்கு மண்புழு. முள்ளின் எண்கள் புதியவரைக் குழப்பும். எண் கூடினால் முள் சிறிதாகும். 12 சிறியது, 6 அதைவிடப் பெரியது. எண் 1ஐக் கடந்து 1/0, 2/0 எனப் போகும்போது முள் பெரிதாகிக்கொண்டே செல்லும். கெண்டைக்கு 12 அல்லது 10, ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் 8 அல்லது 6 பொருந்தும். மீனின் வாய்க்குப் பொருந்தாத முள் ஒன்று பிடிக்காமல் போகும், அல்லது தொண்டைக்குள் போய்விடும். முள்ளின் நுனிக்கு உட்புறம் பின்னோக்கி நிற்கும் சிறு கூர் ஒன்று உண்டு. மீன் நழுவாமலிருக்க வைத்தது அது. இடுக்கியால் அதை நசுக்கிவிடுங்கள் என்பதே புதியவருக்கு நம் முதல் அறிவுரை. சில மீன்கள் நழுவும். ஆனால் முள்ளை எடுக்கும்போது வாய் கிழியாது. உங்கள் விரலில் ஏறினாலும் எளிதில் வந்துவிடும்.

நரம்பைப் பற்றி நாம் பட்ட பாடு மேலே சொன்னதே. 0.20 மி.மீ. நைலான் நரம்பு ஏறத்தாழ 3 கிலோ இழுவையைத் தாங்கும். சிறு மீன்களுக்கு அது போதும். விராலுக்கு, அதுவும் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய இடத்தில், 0.40 மி.மீ.க்குக் குறையலாகாது. நரம்பு பெரும்பாலும் முடிச்சில்தான் அறுகிறது. முள்ளின் வளையத்தில் நரம்பைக் கோத்து, அதன் மேலேயே ஐந்து முறை சுற்றி, நுனியை முதல் கண்ணியில் நுழைத்து, இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர இறுக்கினால் உராய்வின் சூட்டில் நரம்பு நலிந்துவிடும். முடிச்சைக் கையால் இழுத்துப் பார்த்த பிறகே நீரில் போட வேண்டும். அறுந்துபோகும் என்று தெரிந்த நரம்பைக் கட்டுவது சிக்கனமாகாது; தப்பிப்போகும் மீனின் வாயில் நாமே ஒரு முள்ளைத் தைத்து அனுப்புவதாகும்.

முடிவாகக் கோல். எட்டு அல்லது ஒன்பது அடியில், நுனி மெலிந்த, நேரான மூங்கிற்கோல் ஒன்று. அதே நீளத்தில் நரம்பு. நெட்டியிலோ மயிலிறகின் தண்டிலோ ஒரு தக்கை, அது நிமிர்ந்து நிற்க ஒரு சிறு ஈயக்குண்டு. இவ்வளவே முதல் ஆண்டுக்குப் போதும். எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. பாணனின் பட்டியலோடு தக்கையும் ஈயமும்தான் கூடுதல். தக்கையைப் பார்க்கப் பழகுவதே முதல் பாடம். கெண்டை கொத்தினால் தக்கை துடிக்கும். ஜிலேபி பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். கெளுத்தி தயக்கமின்றி அமிழ்த்தும். ரீல் பூட்டிய கோலில் தொடங்குபவர் இம்மொழியைக் கற்பதற்கு முன் வீசுவதையும் சுற்றுவதையும் கற்றுக் களைத்துவிடுகிறார்.

ரீல் வேண்டவே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. விராலுக்கும் கழிமுகத்துக்கும் கடற்கரைக்கும் அது தேவைப்படும். ஓராண்டு கழித்து வாங்குவோர் ஆறு அல்லது ஏழு அடிக் கோலும், 2500 அளவுள்ள ரீலும் வாங்கலாம். மீன் இழுக்கும்போது நரம்பைச் சற்று விட்டுக்கொடுக்கும் திருகு ரீலில் உண்டு. நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதை இறுக்கலாகாது. விராலுக்கு உயிருள்ள தவளையைக் கோப்பது பழைய வழக்கம். இதற்கு மட்டும் கடையில் விற்கும் ரப்பர்த் தவளையை நாம் மனமார வரவேற்கிறோம். நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கத்துக் கடற்கரைகளில் அலைக்கு அப்பால் எறிய ஒன்பது பத்தடிக் கோல் வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் இக்கடலில் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. கரையில் நின்று தூண்டில் போடுபவரை அத்தடை கட்டுப்படுத்தாது. எனினும் அதன் காரணத்தை அறிந்தவர் சினைமீன் கிடைத்தால் விட்டுவிடுவார்.

கெளுத்தியைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. அதன் முதுகிலும் இரு பக்கங்களிலும் முள் உண்டு. குத்தினால் நெடுநேரம் கடுக்கும். பழகும் வரை ஈரத்துணியால் பிடிப்பதே பாதுகாப்பு. நீரின் மேற்பரப்பில் செந்நிறப் புள்ளிகளாகக் குஞ்சுகள் திரண்டு நகர்வதைக் கண்டால், அவற்றின் அடியில் தாய் தந்தை விரால்கள் காவலுக்கு நிற்கின்றன என்று பொருள். எதனைக் கண்டாலும் பாய்ந்து கவ்வும் நிலையில் அவை இருக்கும். பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டால் அக்குஞ்சுகள் கெண்டைக்கும் கொக்குக்கும் இரையாகும். எளிதாகக் கிடைப்பதை எடுக்காமல் விடுவதற்குத்தான் பழக்கம் வேண்டியிருக்கிறது. அறுந்த நரம்பைக் கரையில் எறியாமல் சுருட்டி எடுத்துவர வேண்டும். நீர்க்காகத்தின் காலில் அது சுற்றினால் அவிழ்க்க ஒருவரும் வரமாட்டார்.

"சோற்றுக்கு மீன் பிடிப்பவர் இருக்க, பொழுதுபோக்குக்குப் பிடிப்பது ஏன்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில், பாண்மகள் கெடிற்று மீனைச் சொரிய, இல்லத்தரசி அவள் வட்டி நிறையப் பயறு இடுகிறாள். கெடிறு என்பது இன்றைய கெளுத்தியே. மீன் அவளுக்கு உணவின் விலை. ஏரிக்கரைப் பெரியவருக்கும் இன்று அப்படித்தான். ஆகவே மாதச் சம்பளம் பெறும் நம்மைப் போன்றோர் ஒரு வேளைக் குழம்புக்கு மேல் எடுக்கலாகாது. பிடித்ததை விற்கவும் கூடாது. அதிகம் வேண்டுமெனில் கரையில் விற்பவரிடம் விலை கொடுத்து வாங்க வேண்டும். உண்ணாதவர் விளையாட்டுக்காகப் பிடிப்பதும் நமக்கு உடன்பாடன்று.

இதற்கு மறுப்பும் உண்டு. அதையும் சொல்லிவிடுவது நேர்மை. காவிரியில் கருநாடகப் பகுதியில் இருந்த கலிபோரே போன்ற முகாம்களில், மகாசீர் மீனைப் பிடித்து, எடை பார்த்து, மீண்டும் ஆற்றில் விடுவது வழக்கமாக இருந்தது. அங்கே தூண்டிற்காரர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த குறிப்பேடுகளிலிருந்துதான் காவிரியின் திமில் மகாசீர் அழிந்துவருவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். 2018இல் அம்மீன் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. வெறும் விளையாட்டு என்று நாம் ஒதுக்கியிருக்கக்கூடிய கூட்டம், ஒரு மீனினத்துக்குச் சாட்சியாக நின்றது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டிற்கலையைப் பற்றியும், 1887இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். நம் ஏரிகளைப் பற்றி வந்தவர் எழுதினார். அவற்றின் கரையில் பிறந்த நாம் ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே புதியவரின் பையில் கோலுக்கு இணையாக ஒரு நோட்டுப்புத்தகமும் இருக்க வேண்டும். தேதி, நீர்மட்டம், இரை, கிடைத்த மீன், விட்ட மீன், கரையில் கேட்ட பெயர் ஆகியவற்றை அதில் எழுதலாம். பத்தாண்டுகள் கழித்து இந்த ஏரியில் குறவை இருந்ததா என்று ஒருவர் கேட்டால் அது விடை சொல்லும்.

சனிக்கிழமை விடியலில் அந்த நால்வரும் வந்தனர். கிழக்குக் கரையில் போய் உட்கார்ந்தவர்களை எழுப்பி மேற்குக் கரைக்கு அழைத்துச் சென்றோம். யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரிக்கும் வேலையை அவர்களிடமே விட்டோம். அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்பது மணிக்குள் ஐந்து ஜிலேபியும் இரண்டு கெளுத்தியும் கிடைத்தன. ஒரு முறை நரம்பு கோரையில் சிக்கியது. வெடுக்கென இழுக்கப்போன நண்பரைத் தடுத்து, பட்டியலோடு வந்த மாணவர் முழங்கால் நீரில் இறங்கிப் பொறுமையாக அவிழ்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பட்டியல் இன்னும் அவர் கைப்பேசியில் இருக்கிறது. முதலில் இடுக்கி மட்டும் வாங்கப்போவதாகச் சொல்கிறார்.